முதுகு காட்டி நின்றவள்

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய குரல் கலைஞர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் முகவரி மாறவில்லை என்று நம்பி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே நான் யார் என்று தெரிந்திருக்கும். தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம்.

அலுவல் விஷயம். முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் இந்தியிலிருந்து தமிழுக்கு வந்த அந்தப் படத்தை, தாங்கள் கதாநாயகிக்குக் குரல் கொடுத்த அதே படத்தை, ஒரு நிறுவனம் புதுப்பித்து வெளியிடுகிறது. படச்சுருளில் கீறல் எடுத்து, தூசி துடைத்து, நிறத்தை மீட்டுவிட்டார்கள். பழைய தமிழ் ஒலி கெட்டுப்போய்விட்டதால் புதிதாகப் பேசி ஏற்றப் போகிறார்கள். புதுத் தமிழ் வசனம் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. நான் கேட்டுப் போகவில்லை. என் பிழைப்பு இதுதான் என்பதால் வந்தது.

மாடிப்படிக் காட்சி தங்களுக்கு மறந்திருக்காது. விருந்தில் நாற்பது பேர் பார்க்க அவன் அவளை அறைகிறான். அவள் திரும்பி, நமக்கு முதுகு காட்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தமிழில் அந்த இடத்தில் தாங்கள் சொல்கிறீர்கள்: "அறைஞ்ச கையாலயே என் கண்ணீரையும் துடைச்சு விட்டுடுங்க." ஊரே மனப்பாடம் செய்த வசனம். கல்யாண மேடைகளில், ரேடியோ நிகழ்ச்சிகளில், மிமிக்ரிக்காரர்கள் வாயில், எங்கும் அதுதான்.

இந்தி மூலத்தின் வசனப் பட்டியல் என் மேசையில் இருக்கிறது. அந்த இடத்தில் பத்தொன்பது நொடிக்கு ஒன்றும் இல்லை. வெறும் கோடு. அவள் வாயே திறக்கவில்லை. சட்டியில் இல்லாதது அகப்பையில் எப்படி வந்தது?

அந்த வரியை எழுதியது யார் என்று மட்டும் எழுதுங்கள். போன் வேண்டாம். தங்கள் குரலை நான் கேட்பதில்லை என்று முடிவு செய்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது.

இப்படிக்கு,
வசனம் எழுதுபவர்

*

பிப்ரவரி 11

அடி சின்னவளே,

"மதிப்பிற்குரிய குரல் கலைஞர்." நன்றாயிருக்கிறது. ஒன்பது வயது வரைக்கும் உன் தலையில் பேன் பார்த்தவள் நான். அக்கா என்று எழுதினால் பேனா உடைந்துவிடுமா? அம்மா போன அன்றைக்கு ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் கழித்து ஒரு கடிதம், அதுவும் விசாரணைக் கடிதம். நாலு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. சரி, எழுதுகிறேன்.

அந்தப் படத்துக்கு வசனம் எழுதியவர் போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷமாகிறது. அவர் தாளில் எழுதிக் கொடுத்ததை நான் மைக் முன்னால் நின்று பேசினேன். இந்தியில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? உனக்கு அனுப்பிய பிரதியில் வெட்டியிருப்பார்கள். முப்பது வருஷத்தில் எத்தனை கை பட்டிருக்கும்! போய் அவர்களைக் கேள்.

ஆனால் உன் நிறுவனத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டும். பழைய படங்களுக்கு முன்னால் ஒரு அட்டை போடுகிறார்களாமே. "இந்தப் படம் பெண்களை அது வந்த காலத்தின் பார்வையில் காட்டுகிறது, இன்று எங்களுக்கு இதில் உடன்பாடில்லை." நாலு வரி எழுதிக் கையைக் கழுவியாயிற்று. போன வாரம் அவர்களுடைய புத்தம்புது இந்திப் படம் பார்த்தேன். தமிழ் வசனம் என்று உன் பேரும் கடைசியில் ஓடியது. கதாநாயகி விமானம் ஓட்டுகிறாள். முதல் காட்சியில் நாலு பேரை உதைக்கிறாள். அப்புறம் ஒருத்தன் முக்கால் மணி நேரம் அவள் பின்னாலேயே சுற்றுகிறான். அவள் வேண்டாம் வேண்டாம் என்கிறாள், எட்டு தடவை எண்ணினேன். ஒன்பதாவது தடவை பாட்டு வந்துவிட்டது. இடைவேளைக்கு அப்புறம் விமானத்தைக் காணோம், அவன் வந்து காப்பாற்றும் வரை நாற்காலியில் கட்டிப்போட்டபடி உட்கார்ந்திருக்கிறாள். கோபம் வந்தால் அவன் அவளை அறைவதில்லை, அவள் முகத்துக்குப் பக்கத்திலிருக்கிற சுவரில் குத்துகிறான். கதாநாயகன் திருந்திவிட்டான் என்று நாம் கைதட்ட வேண்டும். சுவர் என்ன பாவம் செய்தது?

எங்கள் காலத்துப் படத்தைத் திட்டினால் உங்கள் காலத்துப் படம் குளித்த மாதிரி ஆகிவிடுமா? அதற்கும் முந்தைய கறுப்பு வெள்ளை இந்திப் படங்களைப் போட்டுப் பார். கோர்ட்டில் நின்று வாதாடுகிற பெண்கள், புருஷனைப் பெயர் சொல்லி அழைத்துச் சண்டை போடுகிற பெண்கள் அதில் இருக்கிறார்கள். வருஷம் ஏற ஏற புத்தியும் ஏறும் என்று யார் சொன்னது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 17

உனக்கு,

"தாங்கள்" போதும். ஒரு கடிதத்துக்கு மேல் தாங்கவில்லை.

அந்த விமானப் படத்தைப் பற்றி நீ சொன்னது அத்தனையும் நிஜம். அதற்குத் தமிழ் எழுதும்போது நானே பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினேன். பழையதைக் குற்றவாளி ஆக்கினால் புதியதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற தந்திரம் எனக்கும் தெரியும். ஆனால் நீ ஒரு பக்கம் முழுக்க அதை எழுதியது எதற்கு என்றும் எனக்குத் தெரியும். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய்.

வெட்டவில்லை. படச்சுருளை வைத்திருந்த இடத்திலிருந்தே கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டேன். அவள் பேசவில்லை. இன்னொன்றும் பார்த்தேன். அவன் அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி, கட்டைவிரலால் கன்னத்தைத் துடைக்கிறான் இல்லையா? சுத்தப்படுத்திய பிரதியில் அவள் கண் தெளிவாகத் தெரிகிறது. காய்ந்து கிடக்கிறது. சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த நடிகை அவனை வெறித்துப் பார்க்கிறாள். அவன் இல்லாத கண்ணீரைத் துடைக்கிறான். முப்பத்திரண்டு வருடமாக நாம் எல்லோரும் அங்கே கண்ணீரைப் பார்த்தோம், ஏனென்றால் நீ இருக்கிறது என்று சொன்னாய்.

இந்தியில் படம் எடுத்தவன் யோக்கியன் என்று சொல்லவில்லை. அடுத்த பாட்டிலேயே அவளை மழையில் நனைய விட்டு, கதாநாயகன் மார்பில் சாய்த்தும் விட்டான். ஆனால் அந்தப் பத்தொன்பது நொடியை அவளுக்கு விட்டுவைத்திருந்தான். அதைத் தமிழில் பிடுங்கியது யார்?

இதுவரை உன்னிடம் சொல்லாததைச் சொல்கிறேன். எனக்குக் கல்யாணமாகி எட்டாவது மாதம் அவர் முதல் முறை அடித்தார். குளித்துவிட்டு வந்தவருக்குத் துண்டு எடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். அடித்துவிட்டு வெளியே போனவர் திரும்பி வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கட்டைவிரலால் என் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே உன் குரலில், உன் இழுப்பில், அந்த வசனத்தைச் சொன்னார். பக்கத்து அறையில் அவருடைய அம்மா சிரித்தார். "அக்கா பேசின வசனம் தங்கச்சிக்குத்தான் எடுப்பா இருக்கு" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். முதலில் அடி, பிறகு துடைப்பு, பிறகு உன் வசனம். வெளியில் நாலு பேர் இருக்கும்போதும் வேடிக்கையாகச் சொல்வார். எவ்வளவு ஆசையான புருஷன் என்று பெண்கள் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

ஆறாவது வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உன் வீட்டுக்கு வந்தேன். நீ டீ போட்டுக் கொடுத்தாய். அந்த வசனத்தை வைத்து அவர் செய்வதைப் பாதி சொன்னேன். நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "அது படம்டி. இந்தியில இருந்ததை நான் பேசினேன். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? கொஞ்சம் அனுசரிச்சுப் போ." சாயங்காலம் அத்தான் என்னைக் காரில் கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். இன்னும் நாலு மாதம் அங்கே இருந்தேன்.

அன்றைக்கு நான் வந்தபோது எனக்கு ஒரு காது கேட்கவில்லை. அதற்கு முந்தின நாள் விழுந்த அடி. இன்றுவரை கேட்கவில்லை. ஒற்றைக் காதை வைத்துக்கொண்டுதான் ஒலிப்பதிவு அறையில் பிழைக்கிறேன்.

இந்தியில் இருந்ததாகச் சொன்னாய். இல்லை. அப்படியானால் அன்றைக்கு என்னிடம் சொன்னது என்ன?

பதில் எழுது. செத்தவர் தலையில் கட்டாமல் எழுது.

*

பிப்ரவரி 20

எனக்கு இனிமேல் எழுதாதே. அறுபத்திரண்டு வயதில் என்னைக் கூண்டில் ஏற்றிப் பார்க்க உனக்கு ஆசை. ஒரு வரி வசனத்தாலா ஒருத்தன் அடிப்பான்? அவன் புத்தி அது. படமே பார்க்காதவனும்தான் அடிக்கிறான். அவனைக் கேட்க வேண்டியதை என்னைக் கேட்கிறாய், ஏனென்றால் நான்தான் உனக்குக் கைக்கு எட்டுகிறேன்.

எந்தக் காது?

*

பிப்ரவரி 25

இடது.

*

மார்ச் 8

சின்னவளே,

பத்து நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு நீ சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டாய். நான் பேசிக்கொண்டே இருந்தேன். நீ பாதிக்குப் பாதி பதில் சொல்லவில்லை. என்ன அலட்சியம் பார் என்று எனக்குக் கோபம் வந்தது. நீ போன பிறகு அத்தானிடம் அதைத்தான் சொன்னேன். "நான் சொல்லச் சொல்ல காதுலயே போட்டுக்கல அவ." அந்த வார்த்தையை நான் சொன்னேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அந்த வரி என்னுடையது. போதுமா? தாளில் இல்லை. எழுதியவருக்கு அதில் சம்பந்தமே இல்லை, அன்றைக்கு அவர் வரவும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அந்தச் சின்ன அறை உனக்குத் தெரியும், சுவரெல்லாம் மெத்தை தைத்து, மூச்சு விட்டால் நமக்கே கேட்கும். மாடிப்படிக் காட்சி திரையில் ஓடியது. அவள் திரும்பி நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து எங்கள் டப்பிங் இயக்குநர், "இவ்வளவு நேரம் சத்தம் இல்லன்னா தியேட்டர்ல விசில் அடிப்பான். ஒலி போயிடுச்சுன்னு ஆபரேட்டரைத் திட்டுவான். ஏதாவது போடுங்கம்மா, முதுகுதானே" என்றார். முதுகு ஷாட் என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். உதடு தெரியாது, எதை வேண்டுமானாலும் பேசலாம், வாய் ஒட்டவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. நான் யோசிக்கவில்லை. அடுத்த தடவை ஓட்டினார்கள், அந்த இடம் வந்ததும் அது தானாக வந்துவிட்டது. ஒரே தடவைதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வரிக்குப் பிறகு இந்தியிலிருந்து எந்தப் பெரிய படம் வந்தாலும் கதாநாயகிக்கு நான்தான். அழுகிற காட்சி என்றால் என்னைத்தான் கூப்பிடு என்பார்கள்.

எங்கிருந்து வந்தது என்று நீ கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பன்னிரண்டு வயது. நீ அம்மா வயிற்றில் ஏழு மாதம். அப்பா அம்மாவை அறைந்தார், எதற்கு என்று ஞாபகமில்லை. அம்மா திரும்பிக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்தபடி நின்றாள். அப்பா கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு பின்னாலிருந்து போய் அம்மா முகத்தைத் துடைத்துவிட்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை. நான் கதவோரம் நின்று பார்த்தேன். அப்பா நல்லவர்தான் என்று நினைத்தேன். அம்மா மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நானே ஒரு வார்த்தை வைத்துக்கொண்டேன். பதினெட்டு வருஷம் கழித்து மைக் முன்னால் அதைச் சொன்னேன்.

உன் கடிதத்தில் அந்த நடிகையின் கண் காய்ந்திருந்தது என்று படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அம்மா கண் எப்படி இருந்தது? எனக்குத் தெரியாது. நான் முதுகுப் பக்கம் நின்றேன்.

நீ வந்த செவ்வாய்க்கிழமை பொய் சொன்னேன். நான் போட்ட வரி என்று ஒப்புக்கொண்டால், உன்னை அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியாது. வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது அந்தத் தைரியம் யாருக்கும் இல்லை. எனக்கு முதலில் இல்லை.

ஒன்று கேட்கிறேன். புதுப் பதிப்பில் அந்த இடத்துக்கு வசனம் வேண்டாம், ஒரு மூச்சு மட்டும் நான் வந்து கொடுக்கட்டுமா? இருபது வயதுப் பெண்ணுக்கு இனி என்னால் பேச முடியாது. மூச்சுக்கு வயது தெரியாது.

அக்கா

*

மார்ச் 16

உனக்கு,

படித்தேன். மூன்று தடவை. அழுதேன் என்று எதிர்பார்க்காதே, கோபம்தான் வந்தது. அப்பா மேல், உன் மேல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று கைதட்டிய நாலு பேர் மேல். ஒரு பெண் வாய் திறக்காமல் நின்றால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள ஒரு கூட்டமே தயாராக இருக்கிறது. அம்மா தன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பதில் சொல்லாமல் நின்றாள். அதையும் நீ நிரப்பிவிட்டாய்.

மூச்சு வேண்டாம். உன் மூச்சும் ஒரு வசனம்தான். அவளுக்குப் பதிலாக நீ போதுமான அளவு பேசிவிட்டாய்.

இங்கே நடக்கும் கூத்தைக் கேள். நிறுவனத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். மேசையைச் சுற்றி ஏழு பேர், எல்லோருக்கும் முப்பது வயதுக்குள். மாடிப்படிக் காட்சியில் "துணிச்சலாக" ஒரு வரி வேண்டுமாம். ஒருத்தர் எழுதியே கொண்டு வந்திருந்தார். "இன்னொரு தடவை கை ஓங்கினா, அந்தக் கை உங்க உடம்புல இருக்காது." முதுகுதானே மேடம், உதடு தெரியாது, என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்திரண்டு வருடம் கழித்து அதே வாக்கியம்.

நான் கேட்டேன், இப்படிப் பேசியவள் அடுத்த காட்சியில் அவனோடு மழையில் ஆடுகிறாளே, அதை என்ன செய்வீர்கள் என்று. பாட்டை வெட்ட முடியாது, பாட்டுக்காகத்தான் பார்ப்பார்கள் என்றார்கள். அப்படியானால் அன்றைக்கு அவளை அடங்கிப்போக வைத்தது போல இன்றைக்கு அவளை உறும வைக்கிறீர்கள், அவள் என்ன செய்தாள் என்று மட்டும் யாருக்கும் பார்க்க வேண்டாம், என்றேன். கடைசியில் அவர்கள் ஒப்பந்தத்தையே எடுத்துக் காட்டினேன். மூலத்தில் இல்லாத வசனத்தைச் சேர்க்கக் கூடாது என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். பெருமூச்சு விட்டுவிட்டு ஒத்துக்கொண்டார்கள். பத்தொன்பது நொடியும் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது.

ஏப்ரலில் ஒரு பெரிய அரங்கில் முதல் காட்சி போடுகிறார்கள். பழைய ரசிகர்களைக் கூப்பிடுகிறார்கள். உனக்கும் அழைப்பு வரும், பழைய குரல் என்ற மரியாதைக்கு. நான் வர மாட்டேன்.

நீ என்னிடம் ஒப்புக்கொண்டாய். நல்லது. ஆனால் நீ அந்த வரியைச் சொன்னது என் ஒருத்தியிடம் இல்லை. ஊர் முழுக்கச் சொன்னாய். ஒப்புக்கொள்வது மட்டும் உறை ஒட்டி, முத்திரை குத்தி, எனக்கு ஒருத்திக்கு வருகிறது.

*

ஏப்ரல் 20

சின்னவளே,

போனேன். தனியாகத்தான் போனேன்.

அரங்கு நிறைந்து வழிந்தது. என் வயதுக்காரர்கள், என்னைவிடப் பத்து வயது குறைந்தவர்கள், ஜோடி ஜோடியாக. வாசலில் ஒரு பெண் என் கையில் பூங்கொத்து கொடுத்து, நடு வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். முதலில் அந்த நாலு வரி அட்டை வந்தது. சிரித்தார்கள். பிறகு அவன் வந்தான், விசில். அவள் வந்தாள், அவளுக்கு ஒரு புதுப் பெண்ணின் குரல். நன்றாகப் பேசுகிறாள். உன் வசனம் வாய்க்கு ஒட்டுகிறது, இந்தி வாடையே இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மாடிப்படி வந்தது. அறைந்தான். அவள் திரும்பினாள். சத்தமில்லை. என் தங்கச்சி சாதித்துவிட்டாள் என்று நினைத்தேன். மூன்று நொடி, நாலு நொடி இருக்கும்.

பின்வரிசையில் ஒருத்தர் கேலியாக ஆரம்பித்தார். "அறைஞ்ச கையாலயே..." அவ்வளவுதான். அரங்கே சேர்ந்துகொண்டது. ஐந்நூறு பேர், என் இழுப்போடு, எங்கே நான் மூச்சு வாங்குவேனோ அங்கே மூச்சு வாங்கி, முழுசாகச் சொல்லி முடித்தார்கள். பெண்கள் குரல்தான் ஓங்கி இருந்தது. என் பக்கத்தில் இருந்தவள் தன் புருஷன் தோளில் தட்டிக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டுக் கைதட்டினார்கள். திரையில் அவன் அவளைத் திருப்பினான். காய்ந்த கண், நீ சொன்ன மாதிரியே. யாரும் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என் வாயும் அசைந்தது, சின்னவளே. முதல் ரெண்டு வார்த்தை என் வாயிலிருந்தும் வந்துவிட்டது. உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

எழுந்து நின்றேன். பூங்கொத்து எங்கே விழுந்தது என்று தெரியாது. "அவ அப்படிச் சொல்லல" என்றேன். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேச எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். நாலைந்து தலை திரும்பியது. பின்னாலிருந்து ஒருத்தர் "உட்காருங்கம்மா, மறைக்குது" என்றார். நான் உட்காரவில்லை.

"அவ ஒண்ணுமே சொல்லல. அது நான் போட்டது. முப்பத்திரண்டு வருஷமா அவ சொன்னான்னு நினைச்சிட்டிருக்கீங்க. அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லி என் தங்கச்சியை ஒருத்தன் அடிச்சான். அவளுக்கு ஒரு காது போச்சு. நான்தான் அவளைத் திருப்பி அனுப்பினேன்."

அமைதியாகிவிட்டது. நான் சொன்னதற்காக இல்லை. குரலைக் கண்டுபிடித்துவிட்டார்கள். "அய்யோ, அந்தக் குரல்" என்று முன்வரிசையில் ஒருத்தி சொன்னது கேட்டது. அதற்குள் மழைப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. சிலர் திரையைப் பார்த்தார்கள், சிலர் என்னை. முன்வரிசைக்காரி திரும்பி, "அப்ப அவ என்னதான் சொல்ல வந்தா?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

வெளியே வந்தேன். படிக்கட்டில் ஒருத்தர் ஓடி வந்தார், நல்ல மனுஷர் மாதிரிதான் இருந்தார், போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, "அந்த வசனத்தை ஒரே ஒரு தடவை சொல்லுங்கம்மா, என் மிஸஸுக்கு அனுப்பணும்" என்றார். உள்ளே நான் பேசியதைக் கேட்டுவிட்டுத்தான் கேட்கிறார். மாட்டேன் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அவர் ரெண்டு படி பின்னால் போனார்.

இதை நீ கேட்டதற்காகச் செய்தேன் என்று நினைக்காதே. அவர்கள் சிரித்தது பொறுக்கவில்லை.

*

ஏப்ரல் 25

அக்கா,

எங்கள் ஒலிப்பதிவாளர் அன்றைக்கு அரங்கில் சத்தம் எப்படி வருகிறது என்று பார்க்க முழுப் படத்தையும் பதிவு செய்திருந்தார். உன் கடிதத்துக்கு முன்னாலேயே அது எனக்கு வந்துவிட்டது. நாலு நாள் திறக்கவில்லை. நேற்று திறந்தேன்.

முதலில் அந்தக் கூட்டம் சொல்வதைக் கேட்டேன். எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தேன். ஐந்நூறு பேரும் என் பழைய வீட்டுக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. பத்தொன்பது நொடியை வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு அது தேவையே இல்லை.

பிறகு நீ. இருபத்து நான்கு வருடம் கழித்து. குரல் தடித்துவிட்டது. "தங்கச்சி" என்கிற இடத்தில் பிசிறடிக்கிறது, முன்பெல்லாம் நீ அப்படி விட மாட்டாய், இன்னொரு தடவை எடுக்கலாம் என்பாய்.

அன்றைக்கு அத்தான் காரில் ஏறும்போது நீ வாசலுக்குக்கூட வரவில்லை. அதை நான் இன்னும் உன்னிடம் கேட்கவில்லை. அப்பாவைப் பற்றி இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. இன்னும் நிறைய இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் நீ பதில் சொல்லியாக வேண்டும், உன்னை நான் சும்மா விடப் போவதில்லை. இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தால் எனக்குக் கைதான் வலிக்கும்.

போன் செய். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். எடுத்ததும் நான் பேச மாட்டேன், அதனால் லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. நீ பேசு. வலது காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.